துக்க வீட்டு இலைச்சோறு

அத்தியாயம் 7

இலைச்சோறு என்று யாராவது சொன்னாலே ஆதுங்குக்கு ஏப்பம் வந்தது.

மேசைமேல் ஒரு கொத்து, நாற்காலியில் ஒரு கொத்து, ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்ட மாதிரி இன்னும் சில. மூங்கில் இலையை முக்கோணமாக மடித்து, உள்ளே பசையரிசியும் பன்றிக்கறியும் காளானும் அடைத்து, நூலால் கட்டி அவித்த சோறு. டிராகன் படகுத் திருநாளுக்கு தைவானில் இது வேகாத அடுப்பே கிடையாது, துக்க வீட்டு அடுப்பைத் தவிர. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை இலை மடிக்கக் கூடாது. உற்றாரும் ஊராரும்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். துக்கப்பட்டவர்கள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன செப்டம்பரில் பூமி குலுங்கியபிறகு இந்த மலையடி ஊரில் துக்கமில்லாத வீடு தேடினால்தான் கிடைக்கும். எல்லோரையும் சேர்த்து ஒரே தகரக் குடியிருப்பில் போட்டிருந்தார்கள். ஆகவே குடியிருப்பில் ஒரு அடுப்பிலும் இலை வேகவில்லை. அதைக் கேள்விப்பட்ட தேசம் கண்ணீர் விட்டு லாரி லாரியாக இலைச்சோறு அனுப்பிவிட்டது. வீடு கட்டித் தரத்தான் கமிட்டி கூட வேண்டும். சோறு கட்டித் தர வேண்டாமே.

"பாஸ், நிலநடுக்கத்துல தப்பிச்சவன் அஜீரணத்துல செத்தான்னு பேப்பர்ல போடப்போறாங்க. என் போட்டோ மட்டும் நல்லதா பாத்துக் குடுத்துடுங்க" என்றான் ஆதுங்.

"வாயை மூடு. மூக்கைத் திற" என்றாள் சியூயுன்.

சியூயுன் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தவள். பிறகு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தாள். பூகம்பத்தில் நிலையம் இருந்த மாடி தானாகவே தரைத்தளமாகிவிட்டதால், இப்போது அவளுடைய ஆபீசும் ஒரு தகரப் பெட்டிதான். ஆதுங் அதற்குமுன் டாக்சி ஓட்டினான். டாக்சி ஒரு தூணுக்கடியில் போய்விட்டது. நாற்பது வயது, ஓயாமல் மெல்லும் பாக்கு, ஓயாத வாய் ஆகிய மூன்றும் மிஞ்சின.

அந்தத் தூண் பேரரசர் மாளிகையின் தூண். பன்னிரண்டு மாடி, வாசலில் பளிங்குச் சிங்கங்கள், லிப்டுக்குள் சங்கீதம். குலுங்கிய இரவில் சுற்றியிருந்த பழைய ஓட்டு வீடுகள் தள்ளாடி நின்றுவிட்டன. பேரரசர் மட்டும் படுத்துவிட்டார். உடைந்த தூண்களுக்குள்ளிருந்து, கான்கிரீட்டுக்குப் பதிலாக அடைத்த காலி எண்ணெய் டின்கள் எட்டிப் பார்த்தன. மூன்றாம் மாடியில் ஆதுங்கின் அக்கா யூலியென் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் அவனுக்கு இருந்த ஒரே சொந்தம்.

கட்டிய சுவாங் முதலாளி கோர்ட்டில் கைவிரித்தார். "டின்னா? எனக்கென்ன தெரியும்? தூண் சமாசாரம் பூரா எஞ்சினியர் பாத்தது."

எஞ்சினியர் தூ சுங்யென் அதே கட்டடத்தில் குடியிருந்து அதிலேயே செத்துப்போனான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய கோட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். செத்தவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே வழக்கு ஒற்றைக் காலில் நொண்டியது. இன்று மாலை குடியிருப்பு மக்கள் கூடிக் கை தூக்கப் போகிறார்கள். வழக்கை வாபஸ் வாங்கினால், அதே மனையில் அதே சுவாங் முதலாளி பாதி விலைக்குப் புதிய பேரரசர் மாளிகை எழுப்பித் தருவார். கைகள் உயர்ந்துவிட்டால், யூலியென் செத்ததற்குப் பதில் சொல்ல உலகத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

சுவாங்குக்கு எதிராக ஏதாவது கண்டுபிடிக்கச் சொல்லி சியூயுனை அமர்த்தியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் லோ வாத்தியார். மாதக்கணக்கில் தேடியும் அவள் கண்டுபிடித்தது பூஜ்யம்.

"என்ன வாசனை வருது?" என்றாள் இப்போது.

"சோத்து வாசனை. வேறென்ன வரும் இங்க?"

"இங்க இருக்கிறது பூரா எங்கேயோ வெந்து, ஆறி, லாரியில வந்தது. ஆறின சோறு இப்படி மணக்காது. இது இலை கொதிக்கிற வாசனை. இப்ப, இங்க, யாரோ அடுப்புல ஏத்தியிருக்காங்க."

ஆதுங் மெல்லுவதை நிறுத்தினான். "துக்க வீட்டுலயா? யாரு பாஸ் அவ்ளோ தைரியசாலி?"

மோப்பம் கடைசி வரிசை, கடைசி வீட்டில் போய் நின்றது. ஜூன் மாத வெயிலில் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. மற்ற வீடுகளில் கதவு, ஜன்னல், சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்திருக்க, அந்த வீடு மட்டும் இறுக மூடியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக நீர்முத்துகள் வழிந்தன. வாசலில் ஒரு பூனை, அழைப்பிதழ் வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அது எஞ்சினியரின் தாயார், தூ பெரியம்மாவின் வீடு.

ஆதுங் தட்டினான். கதவு ஒரு சாண் திறந்தது. நீராவியும் ஒரு வியர்த்த முகமும் வெளியே வந்தன.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. உங்க வீடு தீப்பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டோம்."

"கோயில்ல கேட்டாங்க, கொஞ்சம் அவிச்சுக் குடுங்கன்னு. அதான்." அவள் கை பின்னால் எதையோ மூடியது. "நீ சாப்டியா? எளைச்சுப்போயிட்டே."

"எளைச்சதா? பெரியம்மா, நான் உக்காந்தா ஸ்டூல் அழுவுது."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கதவு மூடிக்கொண்டது.

திரும்பி நடக்கும்போது சியூயுன் இரண்டு தடவை நின்று அந்த ஜன்னலைப் பார்த்தாள். ஆதுங்குக்கு அது தாங்காது.

"பாவம் பாஸ். கோயிலுக்குன்னு செய்யுது."

"துக்க வீட்டுல அவிச்சதை எந்தக் கோயில் வாங்கும்? வருஷம் திரும்பாம கோயில் படியே மிதிக்கக் கூடாது. அது உன்னைவிட அந்தம்மாவுக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன்?"

"நீயே சொல்லு. இந்த விஷயத்துல பொய் சொல்ல யாருக்கு மனசு வராது?"

"எனக்குப் புதிரெல்லாம் வேணாம், சோத்து மயக்கத்துல இருக்கேன்."

சியூயுன் நின்றாள். "காலிப் பெட்டி முன்னாடி அழுதாச்சு. ஊரே நம்புச்சு. அழுகை ஊருக்காக. ஆனா இந்தச் சோறு ஆண்டவனுக்கும் அவளுக்கும் நடுவுல. பெத்த பிள்ளை உசுரோட இருக்கும்போது, 'என் வீட்டுல சாவு விழுந்துருச்சு, நான் இலை மடிக்கமாட்டேன்'னு ஒரு தாய் இருந்தாள்னா, அது அவளே பிள்ளைக்குச் சாபம் குடுக்கிற மாதிரி. நாட்டையே ஏமாத்தலாம். அது மட்டும் அவளால முடியாது."

ஆதுங் பாக்கைத் துப்பினான். முகம் சிவந்தது பாக்கினால் அல்ல.

"அவன் செத்துட்டான் பாஸ். நானே அவன் பேருக்குப் பத்தி கொளுத்துறேன்."

இது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த கதை. செத்தவர்களின் பெயர்ப்பலகையில் யூலியென் பெயருக்குப் பக்கத்தில் எஞ்சினியர் பெயரைப் பார்த்ததும், ஆதுங் உளி எடுத்துப் போய் அதைச் செதுக்கி எறிந்தான். லோ வாத்தியார்தான் வந்து அவன் கையைப் பிடித்தார். "செத்தவன்கிட்ட என்னப்பா பகை? மன்னிச்சுடு. இல்லேன்னா உங்க அக்காவுக்கே நிம்மதி இருக்காது" என்று பொழுது சாயும்வரை கூட உட்கார்ந்து பேசினார். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாடம் சொன்னவர். அவருடைய ஒரே பாடம் அன்றுதான் ஆதுங்குக்கு ஏறியது. தன் கையாலேயே பெயரைத் திரும்ப எழுதினான். மாதாமாதம் அக்காவுக்கு மூன்று பத்தி, அவனுக்கும் மூன்று பத்தி. கொளுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டவன், போகப் போகக் கடிக்காமலே கொளுத்தினான்.

"சோறு போற பக்கம் போவோம்" என்றாள் சியூயுன். "அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

சோறு பூமி பூஜைக்குப் போனது.

மாலையில்தான் மக்கள் சம்மதம் கேட்கப்படும். ஆனால் தலைநகரத்துத் துணை மந்திரிக்குக் காலையில்தான் நேரம் இருந்தது. ஆகவே முதலில் பூஜை, பிறகு சம்மதம். பேரரசர் படுத்திருந்த மனை இப்போது சமதளம். அதன்மேல் பந்தல், பந்தலின்மேல் 'விழுந்தோம், எழுவோம்' என்ற பதாகை. பூகம்பம் கிளறிப்போட்ட மண் போதாதென்று, மந்திரி தோண்டுவதற்காகவே வேறெங்கிருந்தோ சல்லடையில் சலித்த மணல் லாரியில் வந்து, அழகாகக் குவிக்கப்பட்டிருந்தது. அதில் ரிப்பன் கட்டிய தங்க முலாம் மண்வாரிகள் குத்தியிருந்தன. மந்திரியின் தலையில் புத்தம்புது மஞ்சள் ஹெல்மெட். கடை ஸ்டிக்கரை யாரும் கிழிக்கவில்லை.

"இது வெறும் கட்டடம் அல்ல!" என்று மைக்கில் முழங்கினார் மந்திரி. "இந்தத் தேசத்தின் முதுகெலும்பு!"

"முதுகெலும்புக்குள்ள எண்ணெய் டின் வைப்பீங்களான்னு கேளுங்க பாஸ்" என்று முணுமுணுத்தான் ஆதுங்.

பந்தல் ஓரத்தில் புதிய மாளிகையின் வண்ணப்படம் ஆளுயரத்துக்கு நின்றது. அதே சிங்கங்கள், அதே தூண்கள், வாசலில் குடை பிடித்த பெண், அவள் காலடியில் ஒரு குட்டி நாய். ஆதுங் அதையே பார்த்தான். பழைய மாளிகையின் விளம்பரத்திலும் இந்தப் பெண் இருந்தாள். யூலியென் அதைப் பார்த்துத்தான் வீடு வாங்கினாள். "இது நான்தான்டா. நாய் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லி, குடிபோன மாதமே ஒரு நாயும் வாங்கினாள்.

"புதுசா ஒரு பொம்மை வரையக்கூடக் காசில்ல சுவாங்குக்கு. பழசையே காப்பி அடிச்சிருக்கான்" என்றான்.

"அங்க பாரு" என்றாள் சியூயுன்.

மனையின் மூலையில் நிலத்து சாமிக்குச் சின்னக் கோயில். குலுக்கலில் ஒரு ஓடுகூடச் சரியாதது அது ஒன்றுதான். ஆதுங் சொல்வதுபோல, அதை சுவாங் கட்டவில்லை. தூ பெரியம்மா அங்கே போய், கூடையிலிருந்து ஒரு கொத்து இலைச்சோற்றை எடுத்துப் படையலில் வைத்தாள். சிவப்பு நூல் கட்டிய கொத்து. பத்தி கொளுத்தி, கும்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"படைச்சதை எடுத்துக்காமப் போகுது. பத்தி அணைஞ்சதும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதானே வழக்கம்?"

"எடுத்துட்டுப் போக வேற ஆள் வருது" என்றாள் சியூயுன்.

பட்டாசு வெடித்தது. மந்திரி மண்வாரியைத் தூக்கினார். கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் மேடையிலிருந்து இறங்கி, சாமியை வணங்கி, கொத்தை எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

லோ வாத்தியார்.

ஆதுங்குக்கு முதலில் வந்தது சிரிப்பு. நெஞ்சு குளிர்ந்த சிரிப்பு.

"பாஸ்! பாஸ், சிவப்பு நூல்! சிவப்புன்னா கறி, வெள்ளைன்னாத்தான் சைவம். மாளிகை எழும்புற வரைக்கும் மாமிசத்தைத் தொடமாட்டேன்னு இதே மைக்ல சபதம் போட்டாரே நம்ம வாத்தியார்! ஊரே அழுதுச்சே! திருட்டுத்தனமா வெட்டுறாரு பாஸ்!"

"அவர் வெட்டுறதா இருந்தா எனக்கு சந்தோஷம்" என்றாள் சியூயுன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

லோ வாத்தியாரின் ஸ்கூட்டர் மலைப்பாதையில் ஏறியது. கடன் வாங்கிய காய்கறி வண்டியில் இவர்கள் பின்னால் ஏறினார்கள். வழியெல்லாம் ஆதுங் பேசிக்கொண்டே வந்தான். வாத்தியார் தனியாக உட்கார்ந்து கறிச்சோறு தின்னும் அழகை நடித்துக் காட்டினான். பாதி மலையில் அவன் குரல் தேய்ந்தது. வாத்தியாரின் ஸ்கூட்டர், அவருடைய தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். பை காலி. வாயைத் துடைக்கவில்லை. ஸ்கூட்டர் கீழே இறங்கிப் போனது.

"ரொம்ப வேகமா சாப்பிடுறாரு" என்றான் ஆதுங். இந்த முறை அது நகைச்சுவையாக விழவில்லை.

கொட்டகையின் முன்கதவில் பூட்டு. பின்பக்க ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. திண்டில் எண்ணெய் பளபளக்கும் மூங்கில் இலைகள், சிவப்பு நூல். உள்ளே தேநீர்க் கோப்பையில் ஆவி பறந்தது. ஒரு ஜோடி செருப்பு இருந்தது. உள்ளே இருந்தவன் போட்டுக்கொள்ள நேரமில்லாமல் ஓடியிருக்கிறான். கடன் வாங்கிய வண்டி ஏற்றத்தில் போட்ட கூப்பாடு, மலையே கேட்டிருக்கும்.

நடுவில் ஒரு சாய்வு மேசை, விளக்கு, பேனாக்கள். மேசையில் ஒரு வரைபடம். புதிய பேரரசர் மாளிகையின் பக்கவாட்டுத் தோற்றம். தூண்கள் முடிந்திருந்தன. வாசல் முடிந்திருந்தது. குடை பிடித்த பெண்ணும் முடிந்திருந்தாள். நாய்க்கு இன்னும் வால் போடவில்லை.

ஆதுங் விரலால் தொட்டான். நாயின் முதுகு விரலில் ஒட்டிக்கொண்டது. மை காயவில்லை.

காப்பி அடிக்கவில்லை. அதே கைதான்.

"செத்தவன் வரைஞ்சிருக்கான் பாஸ்" என்றான். அவன் குரலை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "எங்க அக்காவைப் புதைச்ச அதே கை, திரும்ப அதே வீட்டை வரைஞ்சுக்கிட்டு இருக்கு. குடையோட."

"குடை மட்டும் விடமாட்டான் அவன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

வாசல் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். லோ வாத்தியார் பூட்டைத் திறந்துகொண்டு நின்றார். பாதையோரம் காய்கறி வண்டியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். முகத்தில் குற்றவுணர்வு தேடினான் ஆதுங். இருந்தது களைப்புதான். பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த களைப்பு.

"அன்னிக்கு ராத்திரி அவன் வீட்டுல இல்ல" என்றார். "விடிஞ்சதும் என்கிட்டதான் ஓடி வந்தான். சாகப் போறேன்னான். என் கிளாஸ்ல அவனை மாதிரிக் கணக்குப் போட்டவன் இன்னிவரைக்கும் வரல. சாகவிட முடியுமா, சொல்லுங்க?"

"அப்பறம் சுவாங் வந்தாரு" என்றாள் சியூயுன்.

"வந்தாரு. எஞ்சினியர் செத்தவனாவே இருக்கட்டும், பாதி விலைக்குக் கட்டித் தர்றேன்னாரு. கேஸ் நடந்தா எத்தனை வருஷம்? அதுவரைக்கும் இந்த ஜனம் தகரத்துல வேகணுமா? கூரை முக்கியமா, கூண்டு முக்கியமா?"

"அதே ஆள் வரைஞ்ச கூரை."

"தப்பு எங்கன்னு அவனைவிட யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை பண்ணமாட்டான்."

மிக அமைதியாகச் சொன்னார். நம்பிச் சொன்னார். ஆதுங்குக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"என்னை ஏன் அமர்த்தினீங்க?" என்றாள் சியூயுன்.

வாத்தியார் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "ஜனங்க கேட்டாங்க, யாரையாவது வச்சுத் தேடணும்னு. நீங்க கெட்டிக்காரி. உங்களாலயே ஒண்ணும் முடியலைன்னா எல்லாரும் நிம்மதியா கை தூக்குவாங்க."

சியூயுன் தன் வாழ்க்கையில் எத்தனையோ பொய் விபத்துகளைப் பார்த்திருக்கிறாள். தோற்பதற்காகவே அமர்த்தப்பட்டது இதுதான் முதல் தடவை.

"சார்" என்றான் ஆதுங். "அன்னிக்கு என் கையைப் பிடிச்சு உளியை வாங்கினீங்களே."

"தம்பி..."

"மன்னிச்சுடுன்னு சொன்னீங்க. அப்ப அவன் இங்க இருந்தானா?"

வாத்தியாரின் கண் சாய்வு மேசைப் பக்கம் போனது.

"இருந்திருக்கான். நான் அங்க அழுதுக்கிட்டே அவன் பேரை எழுதுறேன். அவன் இங்க உக்காந்து அவங்கம்மா செஞ்சதைச் சூடா சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான்." ஆதுங் சிரிக்கப் பார்த்தான். "முதல் பெஞ்சுக்கு ஒளிஞ்சுக்க இடம். கடைசி பெஞ்சுக்கு ஊதுபத்தி. இல்லையா சார்?"

"ஆதுங், அவனும் என் பிள்ளை, நீயும் என் பிள்ளை."

"வேணாம் சார். அதைச் சொல்லாதீங்க."

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "படத்தை வேணும்னா எடுத்துக்கோங்க. சுவாங் ஆபீஸ்ல யாரோ வரைஞ்சதும்பாங்க. நாய் பொம்மையைச் சாட்சி சொல்லக் கூப்பிடப் போறீங்களா? போலீஸ் மலையேறி வர்றதுக்குள்ள அவன் அந்தப் பக்கம் இறங்கிடுவான். நான் கூட்டத்துக்குப் போகணும்."

போய்விட்டார். போகும்போது, பழக்கத்தில், மேசை விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

கீழே இறங்கும் வழியில் ஆதுங் ஒரு வார்த்தை பேசவில்லை. சியூயுனுக்கு அது பயமாக இருந்தது. அவன் பேசாமலிருந்து அவள் பார்த்தது, கிரேன் யூலியெனின் கட்டிலைத் தூக்கிய அன்று மட்டும்தான். குடியிருப்பு வாசலில் இறங்கியதும் அவன் நேராக ஆபீசுக்குள் போனான். ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு கொத்து இலைச்சோற்றை அவிழ்த்தான்.

"என்னடா பண்ணப்போறே?"

"வழக்கத்தைச் செய்யப்போறேன் பாஸ்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆதுங், அவ ஒரு தாய்டா."

"தெரியும். அதனாலதான் வாங்கமாட்டா."

கூட்டம் நடக்கும் கூடாரத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். விசிறிகள் அசைந்தன. முன்வரிசையில் தூ பெரியம்மா, வழக்கமான இடத்தில், தலையைக் குனிந்துகொண்டு. கொலைகாரனின் தாய் என்று அவளை ஒதுக்கிவைத்திருந்த ஜனத்தைக் கெஞ்சி, அந்த இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் லோ வாத்தியார். அதற்காகவும் ஊர் அவரைக் கும்பிட்டது.

"எவ்வளவோ தேடியாச்சு" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார் வாத்தியார். "துப்பறியுறவங்களை வச்சும் பாத்தாச்சு. செத்தவங்க திரும்பி வரமாட்டாங்க. இருக்கிறவங்களுக்குக் கூரை வேணும். வழக்கை முடிச்சுக்க சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க." முன்னுதாரணமாகத் தன் கையைத் தூக்கினார்.

கைகள் எழுந்தன. தயங்கி, ஒருவர் மற்றவரைப் பார்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக. பாதிக் கூட்டம் தாண்டும் நேரம் ஆதுங் நடுவழியில் நடந்து வந்தான். முன்வரிசையில் நின்றான். கூட்டம் சிரிக்கத் தயாரானது. அவன் வந்து நின்றால் ஏதாவது ஜோக் இருக்கும்.

"பெரியம்மா" என்றான். மைக் தேவைப்படவில்லை. "எல்லார் வீட்டுக்கும் எல்லாரும் குடுத்தாங்க. உங்க வீட்டுக்கு ஒருத்தரும் குடுக்கல. கோபத்துல விட்டுட்டோம். எங்கக்கா செத்த கோபத்துல நானும் விட்டுட்டேன். தப்புதான்." இரண்டு கையாலும் கொத்தை நீட்டினான். "துக்க வீட்டுக்கு ஊர் குடுக்கிறது. வாங்கிக்குங்க."

தூ பெரியம்மா கொத்தைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"வேணாம் கண்ணு" என்றாள் மெதுவாக. "வீட்டுல இருக்கு."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் விசிறுவதை நிறுத்தினாள். "வீட்டுல எப்படி இருக்கும்?"

"வாங்கிக்குங்க பெரியம்மா" என்றான் ஆதுங். "நீங்க கையை நீட்டி வாங்கினா நானும் கையைத் தூக்கிடுறேன். சத்தியமா. மாதாமாதம் அவனுக்குப் பத்தி கொளுத்தினவன் நான். எனக்காக வாங்குங்க."

"ஆதுங், உக்காருப்பா" என்றார் வாத்தியார் மைக்கில்.

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் இந்த வாரம் இரண்டு கையையும் நீட்டி அந்தச் சோற்றை வாங்கியவர்கள். வாங்கும்போது உள்ளே என்ன உடையும் என்று அவர்களுக்குத் தெரியும். வாங்கியவுடன் செத்தவர் உண்மையாகவே செத்துப்போவார். அதனால் ஒரு தாயின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூ பெரியம்மாவின் கைகள் மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தன. பிறகு, திருடிய மிட்டாயை ஒளிக்கும் குழந்தை மாதிரி, அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று இறுகக் கோத்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் கேட்காமல் வந்தது.

கூடாரத்தில் ஒரு கை இறங்கியது. பிறகு இன்னொன்று. சத்தமில்லாமல், வரிசை வரிசையாக.

"எங்க இருக்கான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கேள்வி தூ பெரியம்மாவிடம் போகவில்லை; அவளுக்காகக் கெஞ்சி முன்வரிசை வாங்கிக் கொடுத்தவரிடம் போனது.

ஆதுங் கொத்தை நீட்டியபடியே நின்றான். கை வலித்தது. சொல்வதற்கு ஏதாவது ஜோக் இருக்கிறதா என்று தேடினான், கிடைக்கவில்லை. மேடையைப் பார்த்தான்.

கூடாரத்தில் இன்னும் ஒரே ஒரு கைதான் உயர்ந்திருந்தது. லோ வாத்தியார் அதை இறக்க மறந்துவிட்டார்.